சாலையிலிருந்து பார்த்தால் காடு

அந்த ஊரில் குழாயைத் திறப்பவர்கள் யாரும் தண்ணீரை உற்றுப் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்க அவசியமே வராமல் வைத்திருந்தவள் படிகாரக்கா. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'குடிநீர் நிலையப் பொறுப்பாளர்' என்று போட்டிருந்தது. அட்டையை யார் படிக்கிறார்கள்? மலையோடைத் தண்ணீரில் படிகாரம் கலந்து, மண்ணை அடியில் இறக்கி, தெளிந்ததை மணல் படுகையில் வடிகட்டி ஊருக்கு அனுப்புகிறவள், அதனால் படிகாரக்கா. பெயர் வைத்தவன் அவளுடைய தம்பி. ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது.

காலையில் அவள் முதல் வேலை ஜாடிகள். ஓடையிலிருந்து வந்த தண்ணீரை உயரமான கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக ஊற்றுவாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு படிகாரம். கலக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். எந்த ஜாடியில் மண் பொரிபொரியாகத் திரண்டு முதலில் அடியில் உட்காருகிறதோ, அன்றைக்கு அதுதான் கணக்கு. "உப்பு பாக்குற வேலைதான் இது. என்ன, ஊரே ஒரே பானையில சாப்பிடுது" என்பாள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கலங்கிய தண்ணீர் ஒரு சொட்டுகூட அவள் கையைத் தாண்டி ஊருக்குள் போனதில்லை. அவளுக்கு நகை நட்டு, மானம் மரியாதை எல்லாம் அது ஒன்றுதான். ஊரும் அவளைக் கண்டால் வழிவிடும், பேருந்தில் இடம் கொடுக்கும், டீக்கடையில் காசு வாங்க மறுக்கும்.

நிலையத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் அவள் தொட்டிகளைக் காட்டிவிட்டு, ஜன்னல் வழியாக மலையையும் காட்டுவாள். "இங்க நான் செய்யறது பாத்திரம் கழுவுற வேலை. சமையல் பூரா அங்க நடக்குது."

அவள் சொன்னது வெறும் அடக்கப் பேச்சு இல்லை. மழை கொட்டினால் அந்தக் காடு இலையில் வாங்கி, சருகில் தணித்து, வேரில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். கோடையில் ஊரின் கிணறுகள் வற்றாமல் நின்றது அந்தக் கஞ்சத்தனத்தால்தான். மலைச்சரிவு சரிவாகவே நின்றது, சாலையில் வந்து உட்காரவில்லை. சாயங்காலம் ஊருக்குள் இறங்கும் குளிர்ந்த காற்று அங்கிருந்து வந்தது. பழத்தோட்டக்காரர்களுக்குப் பூவைக் காயாக்கித் தந்த தேனீக்களுக்கும் வீடு அதுதான். இத்தனையும் செய்துவிட்டு அது ஒரு நாள் லீவு கேட்டதில்லை, சம்பள உயர்வு கேட்டதில்லை. கேட்காதவனை நாம் என்றைக்கு மதித்தோம்?

அந்தக் காட்டுக்குக் காவல் அவளுடைய தம்பி.

அம்மா போனபோது அவன் பல் முளைக்காத பிள்ளை. அக்காதான் இடுப்பில் சுமந்தாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், அவன் உடைத்த ஜன்னல்களுக்கெல்லாம் போய்ப் பதில் சொன்னாள். தனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை என்கிற குறை அவளுக்குப் பெரிதாகத் தெரியாமல் போனதற்கு அவன்தான் காரணம். வனக்காவலர் வேலை கிடைத்த அன்று, முத்திரைச் சுத்தியலோடு நேராக அவள் வீட்டுக்குத்தான் வந்தான். வெட்ட அனுமதித்த மரத்தில் அந்தச் சுத்தியலால் ஓங்கி அடித்து முத்திரை பதிப்பார்கள். வெட்டிய கட்டையில் ஒன்று, நிலத்தில் நிற்கும் அடிமரத்தில் ஒன்று. ஒவ்வொரு காவலருக்கும் ஒவ்வொரு முத்திரை. அவனுடையது வட்டத்துக்குள் ஒரு இலை. வார்த்தபோது ஏதோ கோளாறாகி, இலையின் காம்பு பாதியில் முறிந்திருந்தது. சந்தோஷத்தில் அவளுடைய சமையலறை மேசையின் மூலையிலேயே ஒரு அடி அடித்துப் பதித்துவிட்டான். "அறிவு இருக்காடா உனக்கு!" என்று கத்தினாள். அதன்பிறகு அந்த மூலையில் ஒரு துணியைக்கூடப் போட விட்டதில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்கு அவன் வந்துவிடுவான். செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்.

"தண்ணி எப்படிக்கா இருக்கு? யாராச்சும் ஏதாவது குறை சொன்னாங்களா?"

அவளுக்கு உள்ளே உருகிவிடும். பேருந்து ஓட்டுநரான அவள் கணவன் ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருப்பானா? "கேளுங்க, என் தம்பி எப்படி விசாரிக்கிறான்னு கேளுங்க" என்று குத்துவாள்.

"தண்ணிகிட்டப் போய் நலமான்னு கேக்க எனக்குத் தெரியாதுடி" என்பான் கணவன். "மாப்ளே, உட்காரு. இல்லன்னா உன் அக்கா எல்லாத்தையும் உன் தட்டுல கொட்டிட்டு எனக்குப் பாத்திரத்தக் காட்டுவா."

மூன்று வருஷங்களாகவே தண்ணீரின் குணம் மாறிக்கொண்டு வந்தது. முதலில் பெருமழை பெய்த மறுநாள் மட்டும் கலங்கி வந்தது. பிறகு தூறலுக்கே கலங்கியது. வழக்கமான அளவு படிகாரத்துக்கு மண் அடங்க மறுத்தது. மழை நின்ற கொஞ்ச நாளிலேயே ஓடை மெலிந்துபோனது. கோடையில் கிணறுகள் கைவிரித்தன. தோட்டத்தில் பூ பூத்தது, காய் பிடிக்கவில்லை. மதிய வெயிலில் தெருவில் நாய்கூட நடமாடவில்லை. ஊர் என்ன சொல்லும்? காலம் கெட்டுப்போச்சு என்றது. அப்படிச் சொல்லிவிட்டால் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள்.

அவள் தம்பியைக் கேட்டாள்.

"மழை முன்ன மாதிரி இல்லக்கா. ஒரேயடியா கொட்டிட்டுப் போயிடுது. காடு என்ன பண்ணும்?"

"காடு நல்லாத்தானே இருக்கு?"

"மாமா தெனமும் அந்த ரோட்டுல பஸ்ஸ ஓட்டிட்டுப் போறாரே. அவரையே கேளு."

கணவனும் அதையேதான் சொன்னான். "ரெண்டு பக்கமும் கும்முனு இருக்குடி. பகல்ல கூட விளக்கப் போட்டுட்டுத்தான் போறேன்."

பிறகென்ன? அவள் தன் வேலையைக் கூட்டிக்கொண்டாள். படிகாரத்தை ஏற்றினாள், மணல் படுகைகளை அடிக்கடி கழுவவைத்தாள், வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போட்டாள். ஜாடிகளின் முன்னால் நிற்க நிற்க முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் குழாயில் தண்ணீர் எப்போதும்போல் கண்ணாடியாக வந்தது. மேலதிகாரிகள் அவளை மேடையேற்றி ஒரு கேடயம் கொடுத்தார்கள். கூட்டத்தில் பலமாகக் கை தட்டியவன் தம்பிதான். கை சிவந்துபோயிருந்தது என்று அன்றைக்கு அவள் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தாள்.

இந்த வருஷம் முதல் மழையிலேயே, ஓடைத் தண்ணீரைக் குழாய்க்குள் இழுக்கும் இடத்துக் கம்பி வலை அடைத்துக்கொண்டது. சருகு அடைப்பது வழக்கம். இந்தத் தடவை மரப்பட்டைச் சீவலும் மரத்தூளும் களிமண்ணும் சேர்ந்து அடைத்திருந்தன. தம்பி சொன்னான்: "காத்துல ஒரு மரம் சாஞ்சிடுச்சுக்கா. அறுத்து அப்புறப்படுத்தினாங்க." சரி என்றாள். வாரம் திரும்புவதற்குள் மறுபடி அடைத்தது. எத்தனை மரத்தைத்தான் காற்று சாய்க்கும்? நேரில் பார்த்துவிடலாம் என்று கணவனின் பேருந்தில் ஏறி, ஓடை சாலையைக் கடக்கும் வளைவில் இறங்கிக்கொண்டாள்.

சாலையோரம் அவன் சொன்னபடியே கும்மென்றுதான் இருந்தது. மரங்கள் கிளை கோத்து நின்றன. ஓடையில் ஒரு பக்கத்து வாய்க்காலிலிருந்துதான் செம்மண் கலங்கல் வந்து விழுந்தது. அந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே ஏறினாள். சற்று தூரம்தான் போயிருப்பாள். எதிரே வெளிச்சம் அடித்தது. காட்டுக்குள் ஏது இத்தனை வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டே கடைசி மரத்தைத் தாண்டினாள்.

அந்தப் பக்கம் காடு இல்லை.

வாசலுக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டுப் பின்பக்கம் இடிந்து கிடக்கும் வீடுபோல இருந்தது மலை. சாலைக்கும் ஊருக்கும் தெரிகிற பக்கத்தில் ஒரு வரிசையை விட்டுவைத்து, பின்னால் மறைந்த சரிவை உச்சி வரைக்கும் வழித்தெடுத்திருந்தார்கள். லாரி ஏறி இறங்கிய தடங்களில் மழை வாய்க்கால் வெட்டியிருந்தது. ஒவ்வொரு வாய்க்காலும் ஓடையைப் பார்த்துத்தான் ஓடியது. எங்கே பார்த்தாலும் அடிமரங்கள். பழையவை சாம்பல் நிறத்தில், புதியவை இன்னும் ஈரத்தோடு.

பக்கத்தில் இருந்த ஒன்றைக் குனிந்து பார்த்தாள். வட்டத்துக்குள் இலை. இலையின் காம்பு பாதியில் முறிந்திருந்தது.

அவள் நம்பவில்லை. அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். சேற்றில் சறுக்கி விழுந்து, எழுந்து, இன்னும் மேலே போய்ப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவள் சமையலறை மேசையின் மூலைதான் இருந்தது. அழுகை வந்திருந்தால் பரவாயில்லை, சிரிப்பு வந்தது. மூன்று வருஷமாகத் தன் கண்ணில் மண்ணைத் தூவியவன், அந்த மண்ணையும் தன்னையே வடிகட்ட வைத்திருக்கிறான்!

வனச் சாவடி அதே சாலையில் கொஞ்சம் கீழே. தம்பி நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். முழங்கால் வரை சேறோடு அக்கா வருவதைப் பார்த்ததும் டம்ளரை வைத்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மேல போயிட்டு வர்றேன்" என்றாள்.

"அக்கா... உட்காரு முதல்ல."

"உன் சுத்தியல யாராவது திருடிட்டாங்களாடா? ஆமான்னு சொல்லு. நம்பிடறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திருடுபோய்விட்டது என்று அந்தப் பொய்யையாவது சொல்லியிருக்கலாம். அவள் அதற்கும் தயாராகத்தான் நின்றாள்.

"மேல இருக்கறவங்க சொன்னா நான் என்ன பண்றதுக்கா? நான் மாட்டேன்னா இன்னொருத்தன் வந்து அடிச்சிருப்பான் முத்திரை."

"வீடு கட்டினியே, மாடிப்படி முழுக்க மரத்துலயே. அதுவும் இன்னொருத்தன் கட்டினதா?"

அவளைச் சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"நீ இருக்கேங்கற தைரியம்தான்க்கா எனக்கு. தண்ணி கலங்கியிருந்தா அன்னைக்கே ஊரு மலையேறி வந்திருக்கும். நீதான் கலங்க விடலியே. உன் அளவுக்கு யாரால முடியும்?"

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தண்ணி எப்படிக்கா இருக்கு? யாராச்சும் குறை சொன்னாங்களா? அது விசாரிப்பு இல்லை, வேவு. ஊர் விழித்துக்கொண்டதா என்று வாராவாரம் அவள் வீட்டிலேயே உட்கார்ந்து, அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருந்தாள். கழுத்து தன்னுடையது என்னும்போதுதான் அதன் வலி தெரிகிறது.

"நான் ஊர்ல சொல்லத்தான் போறேன்."

அவன் சட்டென்று எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "நீ சொல்லாதக்கா. நானே போய் ஒப்புக்கறேன். நானே சொன்னா தண்டனையாவது குறையும். ரெண்டே ரெண்டு நாள் குடு. உன் கால்ல வேணா விழறேன்."

ஜன்னலை உடைத்துவிட்டு வந்து நிற்கும் அதே முகம். இங்கேதான் அவள் ஏமாந்தாள். மலையில் நடந்தது அவன் செய்த ஏமாற்று. இதற்கு அவளும் உடந்தை. சரி என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான், பிறகு அவள் காலில் இருந்த சேற்றைப் பார்த்தான். "நான் தெனமும் அந்த வழியாத்தானேடி போறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "மரத்துக்கு மரியாதையா ஹாரன் கூட அடிக்காமப் போனேனே, பாவி! இப்பவே போய்ச் சொல்லிடு."

"அவனே சொல்றேன்னிருக்கான்."

"நம்புறியா?"

"தூக்கி வளத்தவ நான்" என்றாள். அது பதிலா என்ன?

இரண்டாம் நாள் காலையிலேயே வானம் பொத்துக்கொண்டது. அவள் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தொட்டிக்குள் வந்து விழுந்தது தண்ணீரே இல்லை, குழம்பு. ஜாடிகளை வரிசையாக வைத்தாள். படிகாரத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டாள். ஒன்றுகூடத் தெளியவில்லை. மணல் படுகைகள் சேறு பிடித்து மூச்சுத் திணறின. இதற்கு மேல் விட்டால் சேறு ஊருக்குள் போகும். பெரிய சக்கரத்தைத் தானே பிடித்துச் சுழற்றி, ஊருக்குப் போகும் வால்வை மூடினாள். வேலைக்கு வந்ததிலிருந்து அவள் செய்யாத வேலை அது. சக்கரம் இறுகிப் போயிருந்தது.

மழை விட்டதும் குடங்களும் வாளிகளுமாக ஊரே நிலையத்து வாசலில் வந்து நின்றது. முன்னால் நின்றவர் டீக்கடைக்காரர், அவளிடம் காசு வாங்காதவர்.

"என்னக்கா இது? மருந்து அளவ மாத்திப் போட்டுட்டியாமே?"

அவளுக்குப் புரியவில்லை. "யார் சொன்னா?"

"நேத்தே ஊரெல்லாம் பேச்சு. உன் தம்பிதான் உன் மேலதிகாரிங்க அலுவலகத்துல வந்து சொல்லிட்டுப் போனாராம். அக்காவுக்கு வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சு, சரியா கலக்க முடியல, வேற ஆள் போடுங்கன்னு. பாவம், உனக்காக ரொம்ப வருத்தப்பட்டாராம்."

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் கேட்டது ஒப்புக்கொள்வதற்கான இரண்டு நாள் இல்லை. பழியை அவள் தலையில் தூக்கி வைப்பதற்கான இரண்டு நாள். காட்டை விற்றதைக்கூட ஆசை என்று மன்னித்திருப்பாளோ என்னவோ. அவளுடைய ஜாடிகளின் மேல் கை வைத்துவிட்டான்.

கேட்டை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க. எல்லாரும் வந்து தொட்டியப் பாருங்க. இது என் மருந்துல வந்த கலங்கலா, மலையிலேர்ந்து வந்த கலங்கலான்னு நீங்களே சொல்லுங்க."

வந்து பார்த்தார்கள். மூக்கைச் சுளித்தார்கள். "மலைக்கு என்ன வந்துச்சு? காடு அப்படியேதானே நிக்குது?" என்றது ஒரு குரல்.

"வாங்க காட்டறேன்."

கணவன் பேருந்தைக் கொண்டுவந்து நிறுத்தினான். கொள்ளும் மட்டும் ஏறினார்கள். வனச் சாவடியில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. தம்பி பக்கத்தில் நின்றான். ஜன்னலில் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவன் வாய் எதையோ சொல்லத் திறந்தது.

"கட்டையத் தூக்குடா" என்றாள்.

தூக்கினான். வளைவில் இறங்கி, மரங்களுக்கு நடுவே அவள் முன்னால் ஏற, ஊர் பின்னால் வந்தது. கடைசி மரத்தைத் தாண்டினார்கள். மழையில் ஒரு பக்கச் சரிவே பெயர்ந்து இறங்கியிருந்தது. ஈரமண் இன்னும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பழத்தோட்டக்காரர் ஒருவர் அடிமரத்தின் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொருவர் முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"யாரோட முத்திரை இது?"

"என் தம்பியோடது" என்றாள். ஒருவழியாகச் சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு லேசானதுகூட.

டீக்கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எத்தன நாளா நடக்குது?"

"மூணு வருஷமா."

"அப்போ மூணு வருஷமா மண்ணு வந்துச்சு. உனக்குத் தெரிஞ்சுது. எங்களுக்குத் தெரியல. அப்படித்தானே?"

"எனக்கு மண்ணு வந்ததுதான் தெரியும். வெட்டினது தெரியாது. உங்களுக்கு நல்ல தண்ணி வரணும்னுதான் நான்..."

"தம்பி வெட்டுவான், அக்கா வெளுப்பா" என்றார் அவர். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "நல்லா இருக்கு குடும்பம்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாராவது ஒருவர், போதும்யா, அந்தம்மாவ ஏன் சொல்றீங்க என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவள் தெளிவித்த தண்ணீரில் பிள்ளை குளிப்பாட்டியவர்கள், சமைத்தவர்கள், தாகம் தீர்த்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். கணவன் மட்டும், "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றான். ஓட்டுநர் சொல்வதை யார் கேட்பார்கள்? அவனும் தினமும் அந்த வழியாகப் போகிறவன்தானே.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம் பிதுங்கியது. அவள் முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்தவர்கள், குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்ற கர்ப்பிணி, ஒருவரும் அதில் வந்து உட்காரவில்லை. ஊர் வந்து சேரும் வரை அது காலியாகவே வந்தது.